ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள்: ஐடஹோ மலைமேய்ச்சலில் நடந்தது என்ன? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மேற்கே உள்ள ஐடஹோ மாநிலத்தில் செம்மறி வளர்ப்பு மலையை நம்பிய தொழில். குளிர்காலத்தில் மந்தைகள் தாழ்வான பண்ணைகளில் உலர்தீவனம் தின்று கிடக்கும். பனி உருகியதும் மேய்ப்பர்கள் ஓட்டிக்கொண்டு மலையேறுவார்கள். கோடை முழுக்க வனத்துறை நிலங்களில், உயரமான புல்வெளிகளில் மேய்ச்சல். முந்திப் பிறந்து முந்தி எடை ஏறும் குட்டிக்குச் சந்தை உண்டு என்பதால், பல பண்ணைகளில் மந்தை மலையில் இருக்கும்போதே, ஆகஸ்டில், கிடாக்களைச் சேர்த்துவிடுவது வழக்கம். செம்மறியின் சினைக்காலம் சராசரியாக 147 நாள். ஆகஸ்டில் சினைப்பிடித்த ஆடு ஜனவரியில் பட்டியில் ஈனும்.

இந்த வழக்கத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. சினையின் முதல் மாதத்தை ஆடு கழிப்பது யார் கண்ணும் அதிகம் படாத மலைப்புல்லில். குட்டி வெளியே வருவது நான்கு மாதம் தள்ளி, வேறொரு இடத்தில், வேறு தீவனம் தின்னும்போது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்ததுதான் இந்த நிகழ்வு அவிழப் பத்தாண்டுக்கு மேல் பிடித்ததற்கு முதல் காரணம்.

பட்டியில் கண்டது

1950-களில் சில மந்தைகளில் ஊனமுற்ற குட்டிகள் கூட்டமாகப் பிறந்தன. சில மந்தைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மோசமாக அடிபட்ட மந்தைகளில் நான்கில் ஒரு குட்டி வரை போனது. மேய்ப்பர்கள் இவற்றைக் குரங்குமுகக் குட்டிகள் என்றார்கள்.

கடுமையான குட்டிகளில் முகத்தின் நடுவே ஒரே கண்குழி. அதற்குள் ஒரு கண், அல்லது ஒட்டிப்போன இரண்டு கண்விழிகள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இல்லை. கண்ணுக்கு மேலே, நெற்றியில், தோல் மூடிய குழல்போன்ற சிறு நீட்சி ஒன்று தொங்கும். மேல்தாடை குட்டையாகி, கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்திருக்கும். மண்டையைத் திறந்தால் பெருமூளை இடம் வலம் எனப் பிரியாமல் ஒரே பையாக இருக்கும். மூளையின் அடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி இல்லை, அல்லது இடம் மாறிக் கிடக்கும். லேசான குட்டிகளில் இரண்டு கண்ணும் இருக்கும், மேல்தாடை மட்டும் குறுகியிருக்கும். கடுமையானவை செத்தே பிறந்தன, அல்லது சில மணி நேரத்தில் செத்தன.

வேறு மூன்று கவனிப்புகள் பின்னால் முக்கியமாயின.

தாய் ஆடுகளுக்கு ஒன்றும் இல்லை. உடல் நன்றாக இருந்தது, மடி நன்றாக இருந்தது.

சில ஆடுகள் நாள் கடந்தும் ஈனவில்லை. உள்ளே குட்டி வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியதாயிற்று, அல்லது தாயும் போயிற்று. பண்ணைக்காரருக்கு இதில்தான் நட்டம் அதிகம்: குட்டி போனால் ஒரு குட்டி, தாய் போனால் வரும் ஆண்டுகளின் ஈற்றெல்லாம் போயிற்று.

இரட்டை ஈற்றில் ஒன்று ஊனமாகவும் மற்றது முழுதாகவும் பிறந்ததுண்டு.

முதல் சந்தேகம்: கிடாவின் குறை

பரம்பரைக் குறை என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றியது. அது மடத்தனமான ஊகம் அல்ல. குறிப்பிட்ட சில மந்தைகளில் மட்டும், ஆண்டுதோறும், ஒரே மாதிரி ஊனம் என்றால் கால்நடை மருத்துவர் யாரும் முதலில் கிடாவைத்தான் பார்ப்பார். ஆனால் இந்த ஊகத்துக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. இனவிருத்தி ஆடு விற்பவருக்கு அவர் மந்தையில் பரம்பரைக் குறை இருப்பதாகப் பேச்சு கிளம்பினால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே பலர் குட்டிகளைப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். எந்த மந்தையில் எத்தனை, எந்தத் தேதியில் என்ற கணக்கு, தேவைப்பட்ட நேரத்தில் கிடைக்காமல் போனது இதனால்தான்.

அமெரிக்க வேளாண்துறையின் நச்சுத்தாவர ஆய்வுப் பிரிவு விசாரணையை ஏற்றது. யூட்டா மாநிலத்தில் இயங்கிய இந்தப் பிரிவுக்கு வேய்ன் பின்ஸ் தலைமை தாங்கினார். பரம்பரை ஊகத்தைப் பேசித் தீர்க்காமல் சோதித்துத் தீர்ப்பது என்று முடிவானது. ஊனக்குட்டி ஈன்ற வம்ச ஆடுகளை அந்த மலைமேய்ச்சலுக்கு அனுப்பாமல் வைத்து இனம் சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் இயல்பாக இருந்தன. குறை இரத்தத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

மலையில் தேடல்

இடத்தில் இருப்பது என்ன? நீரா, மண்ணா, செடியா? ஆய்வாளர்களில் ஒருவரான லின் ஜேம்ஸ் கோடைகளை மந்தையோடு மலையிலேயே கழித்து, ஆடுகள் எங்கே நிற்கின்றன, எதைக் கடிக்கின்றன என்று பார்த்தார். வறண்ட ஆண்டுகளில் மேட்டுப்புல் காய்ந்ததும் மந்தை ஈரமான தாழ்புல்வெளிகளுக்கு இறங்கியது. அங்கே ஆள் உயரத்துக்குக் கொத்துக்கொத்தாக நின்றது கார்ன் லில்லி. தாவரவியல் பெயர் வெராட்ரம் கலிஃபோர்னிக்கம். மக்காச்சோளம்போல் நேரான தண்டு, மடிப்பு மடிப்பான அகன்ற இலை.

இந்தச் செடி மேய்ப்பர்களுக்குப் புதிதல்ல. வெராட்ரம் இனத்துச் செடிகள் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதும் மருத்துவத்துக்குத் தெரிந்ததே. ஆனால் ஆடு இதைத் தின்றுவிட்டு எழுந்து நடந்தது. தாயைக் கொல்லாத செடி குட்டியைக் கெடுக்கும் என்று எண்ண அன்றைக்கு யாருக்கும் காரணம் இல்லை. மனிதரில், கர்ப்பிணிகள் விழுங்கிய தாலிடோமைடு மாத்திரை குழந்தைகளை ஊனமாக்கியது வெளிப்பட்டதே 1961-இல்தான்.

கைநீட்டிக் காட்டிய துப்பு ஈற்றுத் தேதிகளில் இருந்தது. ஊனக்குட்டிகள் பருவத்தின் முதல் ஈற்றுகளில், அதாவது மலையில் இருக்கும்போதே சினைப்பட்ட ஆடுகளிடம் வந்தன. அதே மந்தையில், கீழே இறங்கியபின் சினைப்பட்ட ஆடுகளுக்கு நல்ல குட்டிகள்.

எந்த நாள் என்ற கேள்வி

செடியைச் சந்தேகித்துவிட்டால் ஊட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அது அத்தனை எளிதல்ல. இவ்வகை ஊட்டல் சோதனையில் முதலில் வேண்டியது சினைப்பட்ட நாள் துல்லியமாகத் தெரிவது. கிடாவின் மார்பில் சாயம் பூசிவிட்டால் அது ஏறிய ஆட்டின் முதுகில் கறை விழும். காலையும் மாலையும் கறை பார்த்துக் குறித்தால் அந்த நாளைப் பூச்சியமாக வைத்து எண்ணலாம். அதன்பின் செடியைப் பறித்து, அரைத்து, அளந்து, குறித்த நாளில் வாய்வழி செலுத்த வேண்டும்.

தவறு நுழைய இங்கே பல வாசல் உண்டு. செடியின் நஞ்சு வேரிலும் கிழங்கிலும் அதிகம், இலையில் குறைவு. பருவம் முதிர முதிர இலையில் இன்னும் குறையும். பிந்திப் பறித்த இலையை ஊட்டிவிட்டு இந்தச் செடி குற்றமற்றது என்று எழுதிவிட முடியும். சினை உறுதியான பிறகு ஊட்டுவோம் என்று காத்திருந்தாலும் பலிக்காது. செம்மறி 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஆடு மறுபடி பருவத்துக்கு வரவில்லை, சினைதான் என்று தெரிவதற்குள் ஆபத்தான நாளாகப் பின்னால் தெரியவந்த 14-ஆம் நாள் போய்விட்டிருக்கும். அளவு கூடினால் கரு அழிந்துவிடும். கரு அழிந்த ஆடு திரும்பப் பருவத்துக்கு வரும், கணக்கேட்டில் அது 'சினைப்பிடிக்காத ஆடு' என்று போய்விடும். மந்தைகளிலும் இதுவே நடந்திருக்கும் என்பதால், கண்ணில் பட்ட ஊனக்குட்டிகள் உண்மைச் சேதத்தின் ஒரு பகுதிதான் என்று கொள்ள வேண்டும்.

1963-இல் செடிதான் காரணம் என்று சோதனை முடிவு வெளியாயிற்று. 1965-இல் நாள்வாரியான முடிவு வந்தது. கருவியலில் இதுபோல் கூர்மையான முடிவுகள் அபூர்வம்: ஒற்றைக்கண் ஊனத்துக்குத் தாய் 14-ஆம் நாள் இந்தச் செடியைத் தின்றிருக்க வேண்டும். அந்த ஒரு நாள் போதும். அந்த நாள் தவறினால், மற்ற நாட்களில் எவ்வளவு தின்றாலும் ஒற்றைக்கண் வருவதில்லை. நான்காவது வாரக் கடைசியிலிருந்து 33-ஆம் நாள் வரை தின்றால் வேறு ஊனம்: கால்களின் கீழ் எலும்புகள் குட்டையாகும். 31 முதல் 33 வரை தின்றால் மூச்சுக்குழல் நெரிந்து, குட்டி பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் சாகும். இடைப்பட்ட நாட்களில், மூன்றாம் வாரத்தை ஒட்டி, கரு மொத்தமாக அழிவதே அதிகம்.

இரட்டையில் ஒன்று தப்பியதும் இதனால் புரிகிறது. ஒரே நாளில் கருவான இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சில மணி நேர முன்பின்னே ஒன்றை ஆபத்துக்கு உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்துவிடும்.

செடிக்குள் இருந்த பொருள்

அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆய்வுப் பிரிவின் ரிச்சர்ட் கீலர் செடியின் ஆல்கலாய்டு எனப்படும் நச்சுப்பொருட்களைப் பிரித்து ஒவ்வொன்றாக ஊட்டினார். ஸ்டீராய்டு கூடு கொண்ட மூன்று பொருட்கள் ஒற்றைக்கண்ணை உண்டாக்கின: ஜெர்வின், சைக்ளோபமின், அதன் சர்க்கரை சேர்ந்த வடிவமான சைக்ளோபோசின். செடியில் இருக்கும் அளவைக் கொண்டு பார்த்தால் முதன்மைக் குற்றவாளி சைக்ளோபமின். பெரிதும் ஒத்த வடிவமுள்ள வெராட்ரமின் ஒற்றைக்கண்ணை உண்டாக்கவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு, ஆக்சிஜன் சேர்ந்த ஒரு வளையம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதே. மூடிய வளையம் மூலக்கூறை விறைப்பாகப் பிடித்து வைக்கிறது. அமிலம் பட்டால் வளையம் திறந்து சைக்ளோபமின் கெட்டுப்போகும்.

சோதனைக்கூடத்தில் இந்த அமிலக் கணக்கு சிக்கலைக் கொடுத்தது. ஆட்டின் முதல் இரைப்பையில் அமிலம் குறைவு. பொருள் கெடாமல் உள்ளே போகும். முயலின் இரைப்பை அமிலம் மிகுந்தது. முயலுக்கு ஊட்டும்போது அமிலத்தை அடக்கக் கால்சியம் கார்பனேட் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு விலங்கில் பலிக்காத நஞ்சு இன்னொன்றில் பலிப்பதற்கு மரபணுதான் காரணம் என்று இல்லை, வயிறும் காரணமாகலாம்.

மேய்ச்சலில் எடுத்த முடிவு

செடியை மலையிலிருந்து ஒழிப்பது ஒரு வழி. களைக்கொல்லி தெளித்தால் குறைக்க முடியும். ஆனால் பரந்த வனநிலத்தில், ஈரப்புல்வெளிதோறும் கிழங்குவிட்டுப் பரவும் செடியைத் துரத்துவது செலவுக்கும் உழைப்புக்கும் கட்டுப்படியாகாது. நாட்காட்டியை மாற்றுவது இதைவிட மலிவு.

பண்ணைகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையின் சாரம் இது. கிடா சேர்ந்திருக்கும் காலத்திலும், கிடாவைப் பிரித்தபின் 33 நாள் முடியும்வரையிலும், பெண்ணாடுகளைக் கார்ன் லில்லி உள்ள புல்வெளிக்கு விடக்கூடாது. அப்படி வேறு மேய்ச்சல் இல்லையென்றால் கிடா சேர்ப்பதையே தள்ளிப்போடலாம். முதல் கடும் உறைபனியில் செடி வாடிச் சாய்ந்தபின் ஆபத்து பெரிதும் குறையும். சினையில்லாத ஆடுகளையும் வளர்ந்த குட்டிகளையும் அந்தப் புல்வெளியிலேயே மேய்த்துக்கொள்ளலாம். ஆதலால் நிலமும் வீணாகாது.

இதைக் கடைப்பிடித்த மந்தைகளில் குரங்குமுகக் குட்டிகள் நின்றன. ஒரு மரபணுவின் பெயர்கூடத் தெரியாமல் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் 14-ஆம் நாளில் கருவுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

விடை வந்த வழி

1980-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் உடல் அமைப்பைக் குலைக்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் ஒன்று கெட்டால் ஈயின் புழு உடம்பெல்லாம் முள்ளாகிவிடும். முள்ளெலியை நினைத்து அதற்கு ஹெட்ஜ்ஹாக் என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் முதுகெலும்பிகளில் அதன் உறவு மரபணுக்கள் கிடைத்தன. அவற்றில் பெரும் பங்காற்றுவது சோனிக் ஹெட்ஜ்ஹாக். அது உருவாக்கும் புரதம் கருவின் உயிரணுக்களுக்குச் சமிக்ஞையாகப் போகும். வீடியோ விளையாட்டுப் பாத்திரம் ஒன்றின் பெயர் இது. ஊனக்குழந்தையின் பெற்றோரிடம் மருத்துவர் சொல்லக் கூசும் பெயராக இது பின்னால் ஆனது வேறு கதை.

1996-இல் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் இரண்டு பிரதியும் நீக்கப்பட்ட எலிக்கரு உருவாக்கப்பட்டது. அதற்கு ஒரே கண், கண்ணுக்கு மேலே குழல், பிரியாத முன்மூளை. ஐடஹோ குட்டியின் முகம் அச்சாக அதில் இருந்தது. அதே ஆண்டு மனிதரில் முன்மூளை பிரியாமை என்ற ஊனத்துக்கும் இதே மரபணுவின் பிறழ்வு ஒரு காரணம் என்று தெரிந்தது. சுமார் 250 கருக்களில் ஒன்றுக்கு இந்த ஊனம் ஏற்படுகிறது. பெரும்பாலானவை கலைந்துவிடுவதால் பிறப்பில் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கே தெரிகிறது.

இரண்டு கதைகளும் 1998-இல் சந்தித்தன. பால்டிமோரில் ஃபிலிப் பீச்சியின் குழுவும், சியாட்டிலில் ஹெங்க் ரோலிங்கின் குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. கோழிக்கருவின் நரம்புத் தகட்டிலிருந்து துண்டு எடுத்து, சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம் சேர்த்து வளர்த்தால், புரதம் அதிக அளவில் இருந்தால் நரம்புக்குழலின் அடித்தள உயிரணுக்களும், அதைவிடக் குறைந்த அளவில் இருந்தால் தசையை இயக்கும் நரம்பணுக்களும் உருவாகும். கூடவே சைக்ளோபமின், ஜெர்வின் போன்ற பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால், முதலில் அடித்தள உயிரணுக்கள் மறையும். பிறகு நரம்பணுக்கள் மறையும். கடைசியில் சமிக்ஞையே இல்லாததுபோல் திசு நடந்துகொள்ளும். அதிக அளவு சமிக்ஞை வேண்டிய உறுப்பு முதலில் போகிறது. ஒரே மந்தையில் ஒற்றைக்கண் குட்டியும் வெறும் குறுந்தாடைக் குட்டியும் அருகருகே பிறந்ததற்கு இந்த அளவுக் கணக்கே விளக்கம்.

சைக்ளோபமின் எங்கே பிடிக்கிறது என்பது 2002-இல் உறுதியாயிற்று. உயிரணுவின் சவ்வில் பேட்ச்டு என்ற புரதம் ஸ்மூதண்ட் என்ற இன்னொரு புரதத்தை அடக்கி வைத்திருக்கும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்தால் ஸ்மூதண்ட் விடுபடும். அதன் விளைவாக ஜி.எல்.ஐ. புரதங்கள் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும். சைக்ளோபமின் நேரே ஸ்மூதண்டின் சவ்வு ஊடுருவும் பகுதியில் போய் உட்கார்ந்து அதை எழவிடாமல் செய்கிறது. அழைப்பு மணி அடிக்கிறது, கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. மரபணு எழுத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இனம்சேர்த்துப் பார்த்த சோதனையில் குறை தெரியாமல் போனதும் இதனால்தான்.

இரண்டு கண் எப்படி ஒன்றாயிற்று

ஒற்றைக்கண் என்றதும் இரண்டு கண்கள் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டதாக நினைப்போம். நடப்பது தலைகீழ். கண் உருவாக வேண்டிய பரப்பு தொடக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். நரம்புத் தகட்டின் முன்பகுதியில், நடுக்கோட்டைக் குறுக்காகக் கடந்து, பேக்ஸ்6 போன்ற கண் மரபணுக்கள் இயங்கும் ஒரே பட்டையாக அது இருக்கும். அதற்கு நேர் கீழே உள்ள திசுத்தகடு சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரக்கிறது. அந்தச் சமிக்ஞை பட்டதும் நடுக்கோட்டு உயிரணுக்களில் பேக்ஸ்6 அடங்குகிறது, பேக்ஸ்2 எழுகிறது. நடுப்பகுதி கண்ணின் காம்பாகவும் மூளையின் அடித்தளமாகவும் மாறுகிறது. இரு ஓரங்கள் மட்டும் விழித்திரையாகும் தகுதியோடு மிஞ்சுகின்றன. அவைதான் இரண்டு கண்கள்.

சமிக்ஞை எட்டாவிட்டால் நடு அடங்குவதில்லை. பட்டை பட்டையாகவே நின்று ஒரே கண்ணாகிறது. கண் நடுவில் உட்கார்ந்துவிட்டதால், மூக்கை உருவாக்கும் இரு திட்டுகள் கீழே இறங்கி முகத்தின் நடுவில் சேர முடிவதில்லை. மேலேயே ஒட்டி, நெற்றிக் குழலாக நின்றுவிடுகின்றன. அதே நடுக்கோட்டுச் சமிக்ஞை இல்லாததால் முன்மூளை இரண்டாகப் பிரியவில்லை. பிட்யூட்டரியும் இடம்பிடிக்கவில்லை.

ஈற்று தள்ளிப்போன புதிரும் இங்கே அவிழ்கிறது. செம்மறியில் ஈற்றைத் தொடங்கிவைப்பது தாய் அல்ல, குட்டி. முதிர்ந்த குட்டியின் பிட்யூட்டரி தன் அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, அது கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்க, அதன் பிறகே தாயின் கருப்பை இயங்கும். நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் 1960-களில் இதைக் காட்டினார். பிட்யூட்டரி இல்லாத குட்டியிடமிருந்து அந்தச் செய்தி போவதே இல்லை.

மற்ற நாட்கள், மற்ற உறுப்புகள்

கரு ஒரே சமிக்ஞைக் குடும்பத்தைப் பல இடங்களில் பல வேலைக்குத் திரும்பத் திரும்ப எடுக்கிறது. 14-ஆம் நாளில் முகத்தின் நடுக்கோட்டில் நடந்த அதே ஸ்மூதண்ட் வழி, இரண்டு வாரம் தள்ளி மூச்சுக்குழலின் குருத்தெலும்பு வளையங்களிலும் கால் எலும்புகளிலும் வேலை செய்கிறது. காலில் விரல் எண்ணிக்கை கெடாமல் எலும்பு நீளம் மட்டும் குறைந்ததற்கு, வளரும் குருத்தெலும்பில் இயங்கும் இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற உறவுப் புரதத்தின் செய்தி தடைபட்டதே பொருத்தமான விளக்கம். அதுவும் இதே ஸ்மூதண்டைத்தான் நம்பியிருக்கிறது.

மனிதரில் நிலைமை கொஞ்சம் வேறு. எலியில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் ஒரு பிரதி கெட்டால் மற்றது சமாளித்துவிடும். மனிதரில் ஒரு பிரதி கெட்டாலே ஊனம் வரலாம். அதுவும் ஒரே குடும்பத்தில், ஒரே பிறழ்வோடு, ஒருவருக்கு மேல்வரிசையில் நடுவே ஒரே ஒரு வெட்டுப்பல் மட்டும் அடையாளமாக இருக்கும். இன்னொருவரின் குழந்தை மூளை பிரியாமல் பிறக்கும். ஆகவே மரபணு ஆலோசனையில் பெற்றோரின் முன்பற்களையும் கண்களுக்கு இடையிலான தூரத்தையும் பார்க்காமல் விடக்கூடாது.

மருந்தானது

பேட்ச்டு மரபணு கெட்டால் ஸ்மூதண்ட் கட்டற்று இயங்கும். பேசல் செல் கார்சினோமா என்ற தோல்புற்றின் பின்னணி பெரும்பாலும் இதுதான். தடுக்கும் பொருள் கையில் இருந்தது, ஆனால் சைக்ளோபமின் மருந்தாகத் தேறவில்லை. நீரில் கரையாது, அமிலத்தில் கெடும். அதே இலக்கைப் பிடிக்கும் வேறு மூலக்கூறைத் தேடி உருவானது விஸ்மோடெஜிப். அமெரிக்காவில் 2012 ஜனவரியில் அனுமதி பெற்றது. ஆட்டுக்கு நடந்தது மனிதக் கருவுக்கும் நடக்கும் என்பதால் மருந்தின் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை உண்டு. பெண்கள் கடைசி வேளை மருந்துக்குப் பின்னும் 24 மாதம் கருத்தடை செய்ய வேண்டும். அதே காலம்வரை இரத்ததானமும் கூடாது. அந்த இரத்தம் கர்ப்பிணி ஒருவருக்குப் போகக்கூடும் என்பதே காரணம்.

இன்று நடந்தால் என்ன மாற வேண்டும்

முதலில், ஊனக்குட்டியைப் புதைக்கக்கூடாது. படம் எடுத்து, தலையை வெட்டி, அதன் பருமனைப்போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போட்டு வைக்க வேண்டும். காதுத் திசுவில் சிறு துண்டைத் தனியே உறைநிலையில் வைக்கலாம். ஃபார்மலினில் போட்ட திசுவிலிருந்து நல்ல டி.என்.ஏ. எடுப்பது கடினம் என்பதால் இந்த இரண்டாவது துண்டு. தாயின் இரத்தத்தில் நஞ்சைத் தேடிப் பயனில்லை. தின்று மாதங்கள் ஆகிவிட்டன.

அடுத்தது தேதி. இயல்பான நாளில் பிறந்த குட்டியானால் பிறந்த நாளிலிருந்து 133 நாள் பின்னே எண்ணினால் 14-ஆம் நாளின் அக்கம்பக்கம் வந்துவிடும். நாள் கடந்து பிறந்த குட்டிக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும், உண்மைத் தேதிக்கு வாரக்கணக்கில் பிந்திக் காட்டும். அதனால்தான் ஈற்றுத் தேதியைவிடக் கிடா சேர்த்த தேதி நம்பகமானது. கிடாவின் சாயத்தை 17 நாளுக்கு ஒருமுறை நிறம் மாற்றினால், எந்த ஆடு எந்தச் சுற்றில் சினைப்பட்டது, எது திரும்பப் பருவத்துக்கு வந்தது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு நிறக் கறையோடு நிற்கும் ஆடுகள் அதிகம் என்றால் கரு அழிவைச் சந்தேகிக்க வேண்டும். ஐடஹோவில் கண்ணுக்குத் தெரியாமல் போன சேதம் இது.

பிறகு மேய்ச்சல் நிலத்துக்குப் போக வேண்டும், அதே மாதத்தில். ஜனவரியில் பனி மூடிய நிலத்தில் எதுவும் தெரியாது. கடிபட்ட செடிகளின் மாதிரியை வேரோடு எடுத்து, அழுத்தி உலர்த்தி, பெயர் உறுதி செய்ய வேண்டும்.

மரபணு வரிசை பார்ப்பது இன்று மலிவாகிவிட்டதால் அதை முதலில் செய்யத் தோன்றும். ஒரே ஒரு ஊனக்குட்டி என்றால் அது சரிதான். ஒற்றைக்கண் எந்த விலங்கிலும் தனித்து எப்போதாவது வரக்கூடியது, அதற்குச் செடியைப் பழிசொல்ல இயலாது. ஒரே பருவத்தில் வெவ்வேறு கிடாக்களின் குட்டிகளில் கூட்டமாக வந்தால், வரிசை பார்க்கும் பணத்துக்கு முன் மேய்ப்பரிடம் பேச்சுக்கொடுப்பதே மேல்: கிடா சேர்த்து இரண்டு வாரம் ஆனபோது மந்தை எந்தப் பள்ளத்தில் நின்றது, அந்த ஆண்டு மேட்டுப்புல் எப்போது காய்ந்தது?